யூதாஸ் போன வழி

ரேடியோப் பெட்டி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக். ஆடு நின்றுவிட்டது. காவலர் எல்வியா துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினாள்.

இசபெலா தீவில் ராட்சத ஆமைகளின் மேய்ச்சலை மொட்டையடித்த காட்டாடுகளைப் பூங்காக் காவலர்கள் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்கத்தான் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய பெட்டை ஆட்டை விட்டிருந்தார்கள். ஆட்டுக்குத் தனிமை ஆகாது. எங்கே இன்னொரு ஆடு கத்தினாலும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பின்னாலேயே துப்பாக்கி போகும். கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதால் அதன் பெயர் யூதாஸ்.

புதரை விலக்கினாள்.

யூதாஸ் ஓர் ஆட்டை உரசிக்கொண்டு நின்றது. அந்த ஆட்டின் கழுத்தில் கயிறு! அதற்கப்பால், வெயிலில், மல்லாந்து கிடந்தது கிழவன். அந்தச் சரிவில் மிச்சமிருந்த ஒரே ஆண் ஆமை. புரட்டிப்போட்ட ஆமைக்குச் சொந்த எடையே எமன், நுரையீரலை நசுக்கிவிடும். வாயோரம் நுரை தள்ளியிருந்தது. கழுத்துக்கு மேலே, கடல் அட்டை பிடிக்கும் க்ளேவர் ஓங்கிய வெட்டுக்கத்தி.

"ஓட்டைக் கொண்டுபோய் அவனுங்க ஆபீஸ் வாசல்லயே மாட்டுறேன். கடல் அட்டை பிடிக்கத் தடையா போடுறானுங்க?"

"பேசியே கொல்லாதடா, வெட்டு" என்றது இன்னொரு குரல்.

ஃபவுஸ்தோ! போன வருஷம்வரை அவளோடு ஆடு சுட்டவன். காவல் வேலையை உதறிவிட்டுக் கடல் அட்டைக்குப் போனவன்.

எல்வியா சுட்டாள். வெட்டுக்கத்தியோடு க்ளேவரின் இரண்டு விரல்களும் பறந்தன. அலறிக்கொண்டே சரிவில் ஓடினான். அடுத்த நொடி ஃபவுஸ்தோ சுட்டதில் அவளுடைய இடது தோள் பிய்ந்தது. எரிமலைப் பாறையில் உருண்டு விழுந்தாள். அவன் ஆமைக்குப் பின்னால் பதுங்கிவிட்டிருந்தான்.

"சுடு தங்கச்சி! கிழவனைத் துளைச்சுக்கிட்டுத்தான் என்கிட்ட வரணும்."

ஆமையின் கால்கள் காற்றைத் துழாவுவது குறைந்துகொண்டே வந்தது. துப்பாக்கிக் குழலைப் பாறையில் தாங்கக் கொடுத்தாள்.

"எத்தனை வருஷம் யூதாஸ் பின்னாடி அலைஞ்சீங்க அண்ணே? வழியில அறுத்துத் தின்ன உயிரோட ஆட்டை இழுத்துட்டு வந்திருக்கீங்களே! மூளையையும் அட்டையோட சேர்த்து உப்புல போட்டுட்டீங்களா?"

"அடச் சீ!" என்று கெட்ட வார்த்தையோடு ஆட்டைப் பார்க்க அவன் தலை ஓட்டுக்கு மேலே எழும்பியது.

அது போதும். அவனுடைய வலது காது காணாமல் போனது. அவன் கத்தி முடிப்பதற்குள் பாய்ந்து, துப்பாக்கிக் கட்டையால் தாடையில் இடித்தாள். பற்கள் தெறித்தன. அவன் துப்பாக்கியைப் பாறைப் பிளவுக்குள் உதைத்துத் தள்ளினாள்.

ரத்தம் வழிய ஃபவுஸ்தோ சிரித்தான். "கொல்லேன்! அப்புறம் இந்த மலையை யாரு புரட்டுவா? உனக்கு இருக்கிறது ஒத்தைக் கை."

"அதனாலதான் காதைச் சுட்டேன். கையும் காலும் எனக்கு வேணும். எந்திரி!"

துப்பாக்கி முனை அவன் விலாவில். அவள் முதுகு ஓட்டின் விளிம்பில். தள்ளினார்கள். ரத்தத்தில் கால் வழுக்கியது. உதறிய ஆமையின் நகம் அவன் தொடையைக் கிழித்தது.

"இன்னும்!"

"செத்துடுவேன்டி!"

"புரட்டிட்டுச் சாவு!"

தொம்மென்று மண் அதிர்ந்தது. கிழவன் நிமிர்ந்துவிட்டது, ஆனால் அசைவில்லை. எல்வியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கொல்லன் துருத்திபோல ஒரு நீண்ட 'உஸ்ஸ்ஸ்'. தலை மெல்ல வெளியே வந்தது.

ஆட்டின் கயிற்றை அவிழ்த்து, பல்லால் முடிச்சை இறுக்கி ஃபவுஸ்தோவைக் கட்டினாள். அவிழ்ந்த ஆடு துள்ளி ஓடப் பார்த்தது. கடைசித் தோட்டா அதற்கு.

யூதாஸ் அதை முகர்ந்தது. ஒரு தரம் கத்தியது. பதில் வராததால், வேறு துணை தேடி மேலே ஏறத் தொடங்கியது.