விளாத்தியடியில் நின்ற கரிக்கோச்சி

நாள்தோறும் பின்னேரம் நாலு மணி இருபது நிமிடத்துக்குச் சண்முகநாதன், சுடுதண்ணிப் போத்தலில் பிளேன்ரீயும் கடதாசியிற் சுற்றிய பனங்கட்டித் துண்டும் எடுத்துக்கொண்டு விளாத்தியடி நிலையத்துக்குச் சென்று, 1970 ஆம் ஆண்டு ஆனி மாதம் முதல் அங்கே நின்ற கரிக்கோச்சியின் சாரதிக்குக் கொடுத்துவிட்டு வருவார். சுன்னாகத்துக்கு வடக்கே, வெங்காயத் தோட்டங்களின் நடுவே உள்ள சிறிய நிலையம் அது. சாரதியின் பெயர் ஜஸ்ரின். குருநகரைச் சேர்ந்தவர், வயது முப்பத்தொன்று. வண்டி நின்ற அன்றும் அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். தேநீரை வாங்கும்போது அவர் கேட்கும் கேள்வி ஒருநாளும் மாறியதில்லை. அழைக்கும் முறை மட்டுமே மாறியது. முதல் ஏழெட்டு வருடங்கள், "தம்பி, டப்லெற் வந்திட்டுதோ?" என்று கேட்டார். பிறகு நெடுங்காலம், "அண்ணை, டப்லெற் வந்திட்டுதோ?" என்று கேட்டார். கடைசியில், எழுபத்தெட்டு வயதாகிவிட்ட சண்முகநாதனை "ஐயா" என்றார். "இன்னும் இல்லை" என்பதே மறுமொழி.

பாதை ஒற்றைப் பாதை. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளாதிருக்க, அந்த நாட்களில் ஒவ்வொரு நிலையத்திலும் சாரதியின் கையில் ஒரு பித்தளை வட்டைக் கொடுப்பார்கள். அடுத்த நிலையம்வரை பாதை உனக்கே என்பதற்கு அது அத்தாட்சி. அதற்குத்தான் டப்லெற் என்று பெயர். அதைத் தோற்பையில் இட்டு, பிரம்பு வளையத்திற் கட்டி, மேடையில் நின்று நீட்டுவது சண்முகநாதனின் வேலை. டப்லெற் இல்லாத சாரதி சக்கரத்தை ஓரங்குலமும் உருட்டலாகாது. விளாத்தியடி வழியாக ஓடிய கடைசிக் கரிக்கோச்சி அது. மறுநாள் முதல் டீசல் வண்டிகள்தான் என்றிருந்ததால், ஊர் பூமாலையோடு வந்திருந்தது. வளையத்தைத் தூக்கிய சண்முகநாதன் தோற்பையைத் தடவினார், உள்ளே ஒன்றுமில்லை. மேசை, அலுமாரி, கிணற்றடி, பூச்சாடி என்று எல்லாம் கிளறினார்கள். பயணிகள் ஒரு மணித்தியாலம் பொறுத்திருந்துவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். கரி போடுகிறவர் எட்டாம் நாள் வெறுத்துப்போய் வீட்டுக்குப் போனார். ஜஸ்ரின் போகவில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு அவர் காங்கேசன்துறையில் பெண் பார்க்கப் போக இருந்தவர். அதற்கென்று தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டு இயந்திரத்தினுள்ளே ஒரு கொழுவியில் தொங்கியது, தொங்கிக்கொண்டே இருந்தது. விசாரணையில் ரிக்கற் கிளாக்கர் கனிசியஸ், "சண்முகண்ணை எங்கையோ துலைச்சுப்போட்டார் போலை" என்றார். அந்த ஒரு வசனத்தோடு சண்முகநாதனின் வேலை போயிற்று. "துலைச்சார்" என்ற பட்டம் வந்தது.

பட்டம் ஒட்டினால் எங்களூரில் அது இலேசில் உரியாது. அவருடைய வெங்காயத் தோட்டம் துலைச்சாற்றை தோட்டமாயிற்று. மகள் உதயகலா பள்ளிக்கூடத்தில் துலைச்சாற்றை பெட்டையானாள். கோவில் திறப்புக் கோர்வையை அவரிடம் ஒரு திருவிழாவிலும் ஒப்படைத்ததில்லை. கட்டையிற் போகமுன் அந்தப் பெயர் தன்னைவிட்டுப் போகவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை. இதற்கிடையில் நாடு தன் பாட்டில் எரிந்தது. தொண்ணூறில் வண்டிகள் நின்றுபோக, சனங்கள் தண்டவாளங்களைக் கழற்றிப் பதுங்குகுழிகளுக்குக் கூரை போட்டார்கள். கரிக்கோச்சிக்கு அடியில் இருந்தவற்றையும் உருவி எடுத்தார்கள். அது சரியாமல் செம்மண்ணில் நின்றது. தொண்ணூற்றைந்தில் ஊர் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து, ஆறு மாதங்கழித்துத் திரும்பியபோது, ஜஸ்ரின் அவர் விட்டுப்போன போத்தலை நீட்டி, "தேத்தண்ணி கொஞ்சம் ஆறிப்போச்சண்ணை" என்று மாத்திரம் சொன்னார். பல வருடங்களின் பின் புதுப் பாதை போட வந்த பொறியியலாளர்கள், கரிக்கோச்சியை அளந்து பார்த்து, வரைபடத்தில் அதனை ஒரு மரமென்று குறித்துக்கொண்டு, சற்று விலகித் தண்டவாளம் இட்டார்கள்.

இத்தனை காலமும் சண்முகநாதனுக்குத் துணையாக இருந்தவர் கனிசியஸ் ஒருவரே. தேநீர் கொடுத்து முடிந்ததும் இருவரும் மேடை வாங்கில் அமர்ந்து, வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு, 304 சீட்டு விளையாடுவார்கள். எப்போதும் ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் இருந்தறியார்கள். தோற்கும் நாட்களில் கனிசியஸ், "துலைச்சாற்றை கையிலை துரும்பைக் குடுத்தால் வேறை என்ன நடக்கும்!" என்று பகிடி விடுவார், சண்முகநாதனும் சிரிப்பார். கனிசியஸ் மிகுந்த பக்திமான் என்று பெயரெடுத்தவர். தவக்காலந்தோறும், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு புதிய கோவிலைத் தேடிப் போவார். குருநகர் தொடங்கிப் பருத்தித்துறை வரைக்கும் அவர் முழந்தாளிடாத கோவில் இல்லை. இடப்பெயர்வின்போது உடுபுடவையையும் விட்டுவிட்டு, ஒரு முழ உயரமான அந்தோனியார் சுரூபத்தை மட்டும் நெஞ்சோடணைத்துக்கொண்டு நடந்தவர்.

சென்ற ஆண்டு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஜெயரூபன் என்பவர், பழைய புகைவண்டிகளின் நினைவாக விளாத்தியடி நிலையத்தில் ஒரு படக் கண்காட்சி வைத்தார். கரிக்கோச்சி ஓடிய காலத்தில் அவர் பிறந்திருக்கவில்லை. ஆயினும் அதைப்பற்றிக் கதைக்கும்போது அவருக்குக் கண் கலங்கும். கடைசிக் கரிக்கோச்சியின் படத்தைச் சுவரளவு பெருப்பித்து மாட்டியிருந்தார். கடலையும் களப்பையும் பார்த்தபடி ரயிலில் வரும் உல்லாசப் பயணிகள் இறங்கி, அந்தப் படத்துக்கு முன்னால் நின்று தங்களைத் தாங்களே படம் பிடித்தார்கள். இருபது யார் தூரம் தள்ளிப் புகைவிட்டுக்கொண்டு நின்ற கரிக்கோச்சிக்கு எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். அது நாளாந்தம் நிற்பதுதானே. சண்முகநாதனும் போத்தலோடு அந்தப் படத்தின் முன் நின்றார். தபாலட்டை அளவில் அதே படம் அவருடைய வீட்டு விறாந்தையில் ஐம்பத்து நான்கு வருடங்களாகத் தொங்கியது. வெறும் தோற்பையோடு மூலையிற் கிடந்த பிரம்பு வளையத்தைத் தவிர, தாமும் ஒருகாலம் உத்தியோகம் பார்த்தவர் என்பதற்கு அவரிடமிருந்த ஒரே சாட்சி. படத்தில் ஜஸ்ரின் தலையை நீட்டிச் சிரிக்கிறார். சண்முகநாதன் குனிந்து நிலத்தில் எதையோ தேடுகிறார். முன்வரிசையில் கனிசியஸ், காக்கிக் கோட்டோடு, நிமிர்ந்து நிற்கிறார். தபாலட்டையிற் பிடிபடாதது இந்தப் பெரிய படத்திற் பிடிபட்டது: அவருடைய கோட்டுப் பை வட்டமாகப் புடைத்திருந்தது. பையின் கிழிந்த ஓரத்தில் பித்தளை விளிம்பும், அதில் வெட்டியிருந்த இலக்கமும் தெரிந்தன. அது விளாத்தியடி டப்லெற்றின் இலக்கம்.

அன்று அவர் தேநீரைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, விறாந்தைப் படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். "என்னப்பா, போத்தல் நிரம்பினபடி கிடக்குது, கோச்சியடிக்குப் போகேல்லையே?" என்று மனைவி குணலட்சுமி கேட்டார். "அவனோடை ஒரே பக்கம் இருந்து விளையாடினன்" என்றார் சண்முகநாதன். அவர் அழுதாரா என்று கேட்பவர்களுக்குக் குணலட்சுமி சொல்லும் விடை: அழவில்லை, ஆனால் இரவல் வாங்கிய பொருளைப் பார்ப்பதுபோலத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அவர் போகவில்லை. அதுவரை வாய் திறவாத கரிக்கோச்சி அன்று நாலு இருபதுக்குக் கூவத் தொடங்கி, இரண்டு நாட்கள் மூச்சுவிடாமல் கூவியது. சுன்னாகச் சந்தையில் வெங்காய விலையைச் சைகையாற் பேசினார்கள்.

மூன்றாம் நாட் பின்னேரம் கனிசியஸ் அந்தோனியாரைத் தூக்கிக்கொண்டு சண்முகநாதன் வீட்டுப் படலையைத் திறந்தார்.

"சண்முகண்ணை, பத்து நிமிசத்துக்குத்தான் எடுத்தனான். படம் பிடிக்கிறவன் பட்டணத்திலையிருந்து வந்துசேரேல்லை. கடைசிக் கோச்சி, படமில்லாமல் போனால் என்ன மாதிரி எண்டு நினைச்சன்."

"படக்காரன் வந்தவன்தானே?"

"வந்தவன். அதுக்குள்ளை மேலிடத்துக்கு அறிவிச்சிட்டினம். பயந்து போனன்."

"பயந்தனி, சரி. துலைச்சார் எண்டு ஏன்ரா பகிடி விட்டனி?"

கனிசியஸ் அந்தோனியாரை விறாந்தையில் கிடத்தினார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குருமார் எல்லோரும் தவறாமல் ஒன்றையே சொன்னார்களாம்: கொண்டுபோய்க் கொடு. அதனால்தான் வருடத்துக்கொரு கோவில். சுரூபத்தின் அடிப்பலகையைக் கழற்றி, டப்லெற்றை வெளியே எடுத்தார். அது அடுப்பிலிருந்து இறக்கியதுபோலச் சூடாக இருந்தது. சண்முகநாதன் அதைத் தொடவில்லை. "என்னட்டைத் தந்து என்ன? ஊரிட்டைச் சொல்லு" என்றார்.

கனிசியஸ் நேரே நிலையத்துக்குப் போனார். சண்முகநாதன் பத்தடி பின்னால், பழைய பிரம்பு வளையத்தோடு போனார். சுவரளவு படத்தின் முன்னால், ஜெயரூபனின் ஒலிவாங்கியை வாங்கி, கரிக்கோச்சியின் கூவலுக்கு மேலாகக் கனிசியஸ் சத்தமிட்டுச் சொன்னார்: "துலைச்சது சண்முகண்ணை இல்லை. எடுத்தது நான். இந்தப் படத்திலை என்ரை பொக்கற்றைப் பாருங்கோ." முதலாவது சொல்லிலேயே கூவல் நின்றுவிட்டதால், கடைசிச் சொற்கள் சந்திக் கடை வரைக்கும் கேட்டன. பிறகு அவர் டப்லெற்றைத் தோற்பையில் இட்டு, இரண்டு கையாலும் சண்முகநாதனிடம் நீட்டினார்.

ஜஸ்ரின் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். வளையத்தை நீட்டிய சண்முகநாதனுக்கு அப்போதுதான் தாமும் ஒன்றை மறைத்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. "தம்பி, அந்தக் காங்கேசன்துறைப் பிள்ளை எழுபத்திரண்டிலையே கலியாணம் முடிச்சிட்டா. உம்மட்டைச் சொல்ல மனம் வரேல்லை."

"தெரியும் ஐயா. இல்லையெண்டால் ஒருக்காவாவது இந்தப் பக்கம் வந்திருப்பா." ஜஸ்ரின் சேட்டை இழுத்து நேராக்கிவிட்டு, வளையத்துக்குள் கையைக் கொடுத்தார். "சும்மா வெறும் மேலோடை போய் இறங்கேலாதுதானே."

கரிக்கோச்சி புறப்பட்டது. தண்டவாளமில்லாத நாற்பது யார் தூரச் செம்மண்ணில் இரண்டு கோடு கீறி, புதுப் பாதையில் ஏறி, வடக்கே போனது. கோடுகளுக்கிடையில் இப்போது வெங்காயம் நட்டிருக்கிறார்கள். காங்கேசன்துறையில் அது ஐந்தே முக்காலுக்கு வந்துசேர்ந்தது என்றும், தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது சாரதி "டப்லெற்" என்றார் என்றும், அது போதுமான காரணமென்று எழுதிக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

மறுநாள் தொடக்கம் நாலு இருபதுக்குக் கனிசியஸ் சுடுதண்ணிப் போத்தலோடு சண்முகநாதனின் படலையைத் திறந்தார். சண்முகநாதன் வாங்கிக் குடித்தார், கதைக்கவில்லை. கனிசியஸ் வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். மழைக்கும் வந்தார், முழங்கால் வீக்கத்தோடும் வந்தார். நாலாவது மாதத்தில் ஒருநாள் சண்முகநாதன் ஒரு மிடறு குடித்துவிட்டு, எங்கேயோ பார்த்தபடி, "பனங்கட்டி கொண்டுவரேல்லை" என்றார்.

அடுத்த நாள் கனிசியஸ் இரண்டு துண்டு கொண்டுவந்தார்.