தகரக் குழாய் வைத்த பேருந்து

கடல் கடந்த ஒரு பணக்கார நாடு, புகையைக் குறைக்கும் உடன்படிக்கையின்படி பன்னிரண்டு பேட்டரி பேருந்துகளை அனுப்பியிருந்தது. வந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் சமர்த்தாக ஓடும். மதியம் ஆனால் ஒவ்வொன்றாக நடுவழியில் படுத்துக்கொள்ளும். மேட்டுச் சாலையில் வண்டி நின்றால் பயணிகள் திட்டுவது ஓட்டுநரைத்தான். அப்படித் தினமும் திட்டு வாங்கிய ஓட்டுநர் ஒருவனின் அக்காதான் பணிமனையில் எலக்ட்ரீஷியன்.

"இன்னிக்கும் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்," என்றான் தம்பி, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே. "நீ ஏதாவது பண்ணேன்க்கா."

"பேட்டரி சூடாகி தானா அணைஞ்சுக்குது. பெட்டிக்கு சீல் வச்சிருக்காங்களே, நான் எங்க கைய வைக்க?"

உடன்படிக்கையில் அப்படித்தான் இருந்தது. பெட்டியை உள்ளூர்க்காரர்கள் திறக்கக் கூடாது.

அடுத்த வாரம் அந்த நாட்டிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து இறங்கினாள். முதல் நாளே கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டதால் பணிமனைக்கு அவள் 'நெட்டை' ஆகிவிட்டாள். அவள் பேசுவதை ஒரு கைபேசி மொழிபெயர்த்துச் சொன்னது, மேடையேறிய பேச்சாளர் மாதிரி.

"மின்கலப் பேழை குற்றமற்றது! எம் நாட்டில் அது ஒருபோதும் வெப்பமுற்றதில்லை!"

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் டயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

அக்கா வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரிக்குக் காற்றை இழுக்கும் வாய் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது.

"இத ஏன் இவ்வளவு கீழ வச்சீங்க?"

மேலே வைத்தால் பனி விழுந்து அடைத்துக்கொள்ளும் என்று பதில் வந்தது.

"இங்க பனிக்கு எங்கம்மா போறது?" என்ற அக்கா, வெப்பமானியை எடுத்துக்கொண்டு அவளை வெயிலுக்கு இழுத்துப் போனாள். தார்ச்சாலையை ஒட்டிப் பிடித்தபோது ஐம்பத்தாறு டிகிரி காட்டியது. ஏணியில் ஏறிக் கூரைக்கு மேலே பிடித்தபோது நாற்பத்தொன்று. நெட்டை நம்பாமல் தானே ஏறிப் பார்த்தாள். இறங்கி வந்து ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டியத் திறக்கவே வேணாம்," என்றாள் அக்கா. "அந்த வாயில ஒரு தகரக் குழாய மாட்டி மேல கொண்டுபோயிடலாம். நல்ல காத்தா இழுக்கட்டும்."

நெட்டை தன் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். ஒரு மணி நேரம் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தபடி சண்டை போட்டாள். ஒரு சொல் புரியாவிட்டாலும் மொத்தப் பணிமனையும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. பேசி முடித்ததும் கைபேசியில் சொன்னாள்: "ஆறு திங்கள் ஆராய்வோம் என்றனர். இவ்வெயிலில் ஆறு நிமிடம் நின்று பாருங்கள் என்றேன். ஒரு பேருந்துக்கு அனுமதி கிட்டியது!"

அன்று மாலையே இருவரும் தகரம் வெட்ட உட்கார்ந்தார்கள். வளைவை அக்கா கண்ணளவில் மடித்தாள். மழை உள்ளே இறங்காமல் இருக்க மேலே ஒரு மூடியும் கம்பி வலையும் வேண்டும் என்பது நெட்டையின் யோசனை. அது அக்காவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"மூளைக்காரிதான்," என்று தம்பியிடம் மெல்லச் சொன்னாள்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத் தம்பி வண்டியை எடுத்தான். உட்கார இடமில்லாத கூட்டம். மேடு தொடங்கியதும் இரண்டு பெண்களும் ஓட்டுநர் தோளுக்குப் பின்னால் நின்று வெப்ப முள்ளையே பார்த்தார்கள். பாதி மேட்டில் சிவப்பை நோக்கி நகர்ந்தது.  சிவப்பைத் தொடும் முன்பே முள் நின்றுவிட்டது. வண்டி உச்சிக்கு ஏறிவிட்டது.

தம்பி ஹாரனை விடாமல் அடித்தான். எதற்கென்று தெரியாமலேயே பயணிகளும் கை தட்டினார்கள். நெட்டை அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள்.

"ஏய், இறக்கு, எல்லாரும் பார்க்கிறாங்க!" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

ஒரே மாதத்தில் மற்ற பதினோரு வண்டிகளுக்கும் குழாய் ஏறியது. நெட்டை ஊர் திரும்பினாள். அந்தக் கோடையில் அவள் நாட்டிலும் வரலாறு காணாத வெயில் அடித்தது. அங்கேயும் பேருந்துகள் படுத்துக்கொண்டன. ஒரு காலை அக்காவுக்குக் காணொளி அழைப்பு வந்தது. திரையில் இருபது மெக்கானிக்குகள் குறிப்பேடும் கையுமாக நின்றார்கள்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தொண்டையைச் செருமினாள். "மொதல்ல எல்லாரும் வண்டிக்கு அடியில படுங்க," என்றாள்.

இருபது பேரும் படுத்தார்கள்.