வெட்டிய பதின்மூன்று சொற்கள்

1

இந்தக் கதை நான் ஒரு வாக்கியத்தை வெட்டியதில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

என் பிழைப்பு இதுதான்: ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பயிற்சிப் பத்திகள் எழுதுகிறேன். தேனீ எப்படித் திசை அறிகிறது, பனிப்பாறைக்கு வயது எப்படிப் பார்ப்பது, குழந்தைகள் ஏன் பொய் சொல்கிறார்கள். அறிவியலும் உளவியலும்தான் விலைபோகும். ஒவ்வொரு பத்தியும் முந்நூற்றைம்பது சொற்கள். கீழே எட்டுக் கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, தவறு, பத்தியில் இல்லை என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். விதி ஒன்றே ஒன்று: விடை பத்திக்குள்ளிருந்துதான் வரவேண்டும். உங்களைத் தேனீ கொட்டியிருக்கலாம். அந்த அனுபவத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.

2

தொடங்கிப் பார்த்தவை:

நெவேனா ஜன்னலருகே நின்று, தன்யூப் நதியைப் பார்த்தபடி

இல்லை. எங்கள் கட்டடத்திலிருந்து நதி தெரியாது. எதிர்வீட்டுக்காரர் காயப்போட்ட கால்சட்டைகள்தான் தெரியும்.

செப்டம்பர் வந்துவிட்டால் எங்கள் ரூசே நகரமே குடைமிளகாய் சுடும் வாசத்தில்

இது சுற்றுலாத்துறை எழுத வேண்டிய வாக்கியம்.

சரி, நேராகவே சொல்கிறேன். நெவேனா எனக்கு ஒரு மாடி கீழே குடியிருக்கிறாள். நர்ஸ். அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை காத்திருக்கிறது. ஆங்கிலத் தேர்வில் தேறினால் போகலாம். அவள் கணவன் லூபென் இழுவைப் படகோட்டி, என் சதுரங்கக் கூட்டாளி. வாயாடி. தோற்றாலும் ஜெயித்ததுபோலப் பேசுவான். இரண்டு வருடங்களுக்கு முன் மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் தப்பின. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: ‘ஹைதே’.*

* வா, போ, சரிதான், ஆகட்டும், கிளம்பு. எங்கள் ஊரில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடலாம். இரண்டு வருடம் ஓட்டுவது கஷ்டம்.

நெவேனா அயர்லாந்து போனால் லூபென் சிலிஸ்த்ராவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவான். அப்படித்தான் ஏற்பாடு.

3

செவ்வாய்க்கிழமை மாலை அவள் ஒரு பாட்டில் மிளகாய்த் தொக்கோடு மாடியேறி வந்தாள். கக்கத்தில் என் புத்தகம்.

“என்ன எழுத்தாளரே, நாற்பதுக்கு முப்பத்தொன்பது. அந்தப் பாழாப்போன தேனீ மட்டும் கவுத்துடுச்சு.”

“சனிக்கிழமை பரீட்சையில ஜமாய்ச்சிடுவீங்க.”

“உங்க பத்திகள்லயே எனக்கு மனப்பாடம் ஆனது அந்த மூளைப் பத்திதான். ஏழாவது கூற்று. ‘முதல் ஆண்டுக்குப் பிறகு பேச்சு திரும்புவது அரிது.’ சரின்னு போட்டேன். விடையைப் பார்த்தா, சரிதான். அன்னிக்கே அட்டையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அலமாரி மேல வச்சுட்டேன்.”

“என்ன அட்டை?”

“படம் போட்ட அட்டை. கரண்டி, நாய், கப்பல். தினம் ஆறு மணிக்கு இவருக்குக் காட்டுவேன். பதினாறு மாசம் காட்டினேன். எதுக்கு வீணா மனுஷனைப் படுத்தணும்?” என்று சொல்லிவிட்டு, தொக்கில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

4

வாசகரே, இந்த இடத்தில் எனக்கு நெவேனாமீதே சந்தேகம் வந்தது. பயிற்சிப் பத்தியை யாராவது நம்புவார்களா? மதிப்பெண் வாங்கிய கையோடு மறந்துவிடத்தானே அது இருக்கிறது. பாத்திரப் படைப்பில் கோளாறு என்று என் பதிப்பாசிரியர் சொல்வார்.

ஆனால் கோளாறு பாத்திரத்தில் இல்லை. பதினாறு மாதம் ஒரே கேள்வியோடு திரிந்தவள் கண்ணில், அச்சடித்த விடை ஒன்று பட்டிருக்கிறது. நம்பாமல் என்ன செய்வாள்?

அந்த மூளைப் பத்தியின் வெட்டாத பழைய பிரதியைத் தேடினேன். வியாழக்கிழமைதான் கிடைத்தது. அந்த வாக்கியம் அங்கே முழுதாக இருந்தது: ‘முதல் ஆண்டுக்குப் பிறகு பேச்சு திரும்புவது அரிது, எனினும் தினமும் விடாமல் பயின்றவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் சில சொற்களைத் திரும்பப் பெற்றார்கள்.’ காற்புள்ளிக்குப் பிறகு வருவது ஆங்கிலத்தில் பதின்மூன்று சொற்கள். பத்தி அளவுக்கு மேல் பதின்மூன்று சொற்கள் போயிருந்தது. வெட்டினேன். கச்சிதமாக முந்நூற்றைம்பது. அன்றைக்கு எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன் என்றுகூட ஞாபகம்.

சொல்லாமல் இருந்துவிடலாம். அவள் தேர்வெழுதி, அயர்லாந்து போய், நிம்மதியாக இருப்பாள். இந்த முடிவை இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

5

வெள்ளிக்கிழமை கீழே போனேன். நெவேனா பால்கனியில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். லூபென் சுட்டதை உரித்துக்கொண்டிருந்தான், விரலெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் “ஹைதே!” என்று நாற்காலியைக் காலால் தள்ளினான்.

பழைய பிரதியை நெவேனாவிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் வாசிக்கும் வேகம் இப்போது நன்றாகவே கூடியிருக்கிறது. இரண்டாம் முறை விரலை வைத்து வாசித்தாள்.

“எதுக்கு வெட்டினீங்க?”

“முந்நூற்றைம்பது சொல்லுக்கு மேல போகக் கூடாது, நெவேனா.”

“இதே பத்தியில அந்த ஆராய்ச்சிக்காரர் ஒரு கிளி வளர்த்தார்னு ஒரு வரி வருமே. அதை வெட்டியிருக்கலாமே?”

கிளி வரி அழகாக இருந்தது. அதனால்தான் விட்டுவைத்தேன். இதை எப்படிச் சொல்வது?

“அடுத்த பதிப்புல சேர்த்துடறேன்.”

“அட்டையைக் கட்டிவச்ச எட்டு மாசத்தையும் சேர்த்துக் குடுப்பீங்களா?”

(இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லை. அடுப்பில் மிளகாய் கருகியது, அதைத் திருப்பிப் போட்டாள். அழ நினைத்தவன் நான்தான்.)

“நாளைக்கு நான் பரீட்சைக்குப் போறேன். பேர் குடுத்தாச்சு, போய்த்தான் ஆகணும்” என்றாள் முதுகைக் காட்டியபடியே. “அந்த மூணு மணி நேரமும் நீங்க இவர்கிட்ட உக்காருங்க. அட்டை அலமாரி மேல இருக்கு. ஒரு அட்டைக்கு ஒரு நிமிஷம் பொறுக்கணும். நீங்களா சொல்லிக் குடுத்துடாதீங்க. வெட்டத் தெரிஞ்சவருக்குச் சும்மா இருக்கவும் தெரியுதான்னு பார்ப்போம்.”

“ஹைதே,” என்றான் லூபென். அதில் சிரிப்பு இருந்தது.

6

ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கரண்டி. லூபென் அட்டையைப் பார்த்தான். உதடு கூடியது, பிரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. “ஹைதே,” என்றான். தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு அது என்னவென்று தெரியும். அதைக் கொண்டு எத்தனை ஆயிரம் முறை சூப் குடித்திருக்கிறான்! சொல் மட்டும் வரவில்லை. என் நாக்கு நுனியில் அது துடித்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். நாய். கப்பல். கப்பலை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். பிறகு மறுபடி கரண்டி.

ஒன்றே காலுக்கு நெவேனா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பரீட்சை எப்படி?”

“அது கெடக்கட்டும். ஏதாவது சொன்னாரா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். லூபென் கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை அவனே எடுத்தான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு நெவேனாவை நிமிர்ந்து பார்த்தான். உதடுகள் கூடின.

அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். “சொல்லுய்யா. நான் எங்கயும் போகல. மெதுவாச் சொல்லு.”

அந்த நிமிடம் என்னுடையதல்ல. எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு மாடியேறினேன். எங்கள் கட்டடத்தில் வெந்நீர்க் குழாய் வழியாகக் கீழ்வீட்டுப் பேச்சு கேட்கும். என் வீட்டுக்குள் நுழைந்ததும் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

7

ஆகவே எனக்குத் தெரியாது. தேர்வு முடிவு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. புதிய பதிப்புக்குப் பத்தியைத் திருத்திவிட்டேன். கிளி போய்விட்டது, பதின்மூன்று சொற்களும் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு இப்போதெல்லாம் நான் கடைக்குப் போய்விடுகிறேன்.

கீழே ஒரே ஒரு கூற்று. சரி, தவறு, பத்தியில் இல்லை என்று எழுதுங்கள்.

அன்று லூபென் சொன்னான்.

பத்தியில் இல்லை என்று எழுதினால் முழு மதிப்பெண், விதி அதுதான். ஆனால் நீங்களும் யார் எதிரிலாவது ஒரு சொல்லுக்காகக் காத்து உட்கார்ந்திருப்பீர்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாசலில் விட்டுவந்ததை உள்ளே எடுத்து வாருங்கள். ஒரு நிமிடம் பொறுத்து எழுதுங்கள். நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.