நெவ்ரெஸின் கையில் ஆசான் பெஹ்ஸாத்

தம்பி சிர்ரி வாளை விற்ற மறுநாள் காலை, அதன் அலகில் பொறித்திருந்த பொன்னெழுத்துகள் நெவ்ரெஸின் வலது கையில் இருந்தன. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு வரிகள். சோப்புக்குப் போகவில்லை, வலிக்கவும் இல்லை. அவள் நீரிணைக் கரையில் உள்ள உஸ்குதாரில் பொத்தான் கடை வைத்திருந்தாள். தந்தை இறந்தபின் முப்பது ஆண்டுகள் அந்த வாளுக்கு எண்ணெய் பூசித் துடைத்தவள் அவள்தான். சிர்ரி அவளைக் கேட்காமலேயே எதிர்க்கரையில் இருந்த ருக்னெத்தினிடம் அதைக் கொடுத்துவிட்டான். அவர் சுல்தான் காலத்து விழா வாள்களைச் சேகரிப்பவர். பவளப் பிடியும் வெள்ளி உறையும் அவருடைய கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நலமாக இருந்தன. அலகு மட்டும் வெறும் எஃகு. செய்தவர் பெயர் இல்லாத வாளை மற்ற சேகரிப்பாளர்கள் மதிப்பதில்லை. பழைய எழுத்து தெருவில் யாருக்கும் தெரியாததால், ஓய்வுபெற்ற இமாம் ஒருவர் வந்து படித்துச் சொன்னார்: ஆசான் பெஹ்ஸாத், செய்த ஆண்டு. வேறொன்றும் இல்லை.

சிர்ரி கடைக்கு வந்தான்.

“கல்யாணமே வேணாம்னவ கையில ஒரு ஆம்பள பேரா? ஊரு என்னக்கா பேசும்?”

“செத்து முந்நூறு வருஷம் ஆச்சுடா. உன்ன மாதிரி கேக்காம எதையும் தூக்கிட்டுப் போக மாட்டான்.”

“விருந்து நாள்ல மட்டும் பெட்டி பக்கத்துல வந்து நில்லுன்றாரு ருக்னெத்தின். பட்டுச் சட்டை தெச்சுத் தராராம்.”

“பொத்தான் யாரு கடையில வாங்குவாராம்? வாள் வீட்டுக்கு வரட்டும், எழுத்து தானா எறங்கிடும். போய்ச் சொல்லு.”

வாள் வரவில்லை. அவளும் போகவில்லை. வக்கீல் கடிதம் வந்தது. அதில் பொத்தான் மடித்துக் கொடுத்தாள். ஏழு ஆண்டுகளில், விருந்தாளிகள் அங்கே வாளைப் பார்த்துவிட்டுப் படகேறி இங்கே வந்து எழுத்தைப் படிக்கப் பழகிக்கொண்டார்கள். பிடித்தவர்களுக்கு மட்டும் அவள் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். எட்டாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், ருக்னெத்தினே வந்தார்.

“வெறுங்கையோடவா வந்தீங்க?” என்றாள்.

“ஒரு தடவ பாத்துட்டுப் போறேம்மா. அது என் வாள்தானே.”

“வாள் உங்களோடதாவே இருக்கட்டும். வரிசை அந்தப் பக்கம், ஐயா.”

அவர் போய் நின்றார். அவர் முறை வந்தபோது அவள் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். அடுத்த வாரம் கண்ணாடிப் பெட்டியில் புது அட்டை வைத்தார்கள்: அலகு இங்கே, எழுத்து எதிர்க்கரைப் பொத்தான் கடையில், உரிமையாளர் விரும்பினால்.