மேகத்தின் சாவி

ஜெரவ்ஷான் ஆற்றின் தலைமடையில் அந்த ஆண்டின் முதல் பனி விடியலில் இறங்கியது. ஓசையில்லை, அவசரமில்லை. பாதாமி மரங்களும் வறட்டி அடுக்குகளும் மெல்ல உருவிழந்து, ஊரே யாரோ காணும் கனவுபோல மிதந்தது. அந்த வெண்மைக்குள் சவ்ரி மட்டும் விழிப்போடு நடந்தாள். கையில் சூடான ரொட்டி. அதைச் சுற்றிய துணியின் மடிப்பில் ஒரு பனிச்சீட்டு.

அந்த மலையூரின் பழைய விளையாட்டு அது: முதல் பனியன்று சீட்டை ஒருவர் கையில் சேர்த்துவிட்டுப் பிடிபடாமல் வாசலைத் தாண்டினால், கேட்டதை அவர் கொடுத்தே தீரவேண்டும். பிடிபட்டால் கொண்டுபோனவர் முகத்தில் கரி. விருந்தும் தன் தலையில்.

சவ்ரி விளையாடப் போகவில்லை. மலைமுகட்டில் நகரத்தார் ஓர் அடுப்பை நிறுவியிருந்தார்கள். அது வெள்ளி உப்பை எரித்து மேகத்துக்குப் புகையூட்டும், பனி கூடும், கோடையில் ஆறு பெருகும், சமவெளி வயல்கள் குடிக்கும். நல்லதுதான். வறண்ட வாய்க்கு நீர் வேண்டாமென்று சொல்ல அவள் யார்? ஆனால் கூடும் பனி முதலில் குடியேறும் இடம் அவள் வீட்டுக்கு மேலுள்ள சரிவு! சென்ற குளிர்காலத்தில் அது சரிந்து தொழுவத்தை விழுங்கியது. அடுத்த சுவருக்குள் பிள்ளைகள் உறங்குகிறார்கள். அடுப்பை மூட்டவும் அணைக்கவும் சாவி யாரிடம்? அக்கரை மேட்டில், எந்தச் சரிவும் எட்டாத வீட்டில் வாழும் ஊர்த்தலைவர் தோலிபிடம். ஆபத்து ஒரு கரைக்கு, அதிகாரம் மறுகரைக்கு. இதுவா நீதி? சபையில் கேட்கப் போனவளை, "பொம்பளைக்கு அடுப்பு வீட்டுக்குள்ளதான்" என்று சிரித்தே அனுப்பினார்கள்.

தோலிபின் அறை நிறைய ஆட்கள்.

"வாம்மா சவ்ரி! எங்க, கையக் காட்டு. இன்னைக்குச் சொந்தத் தம்பியக்கூட நம்பமாட்டேன்."

"ரொட்டிதான் அண்ணே. ஆறிடப் போவுது."

ரொட்டியை மறுக்கும் கை அந்த மலையில் இல்லை. அவர் இரு கையாலும் வாங்கினார். அவள் வாசலைத் தாண்டிப் பனிக்குள் நின்றாள். பின்னால் காகிதம் சரசரத்தது.

"அடிப்பாவி! ரொட்டியிலயா?"

"தலைவரு மாட்டிக்கிட்டாருடோய்!" அறை சிரித்து அதிர்ந்தது.

"சரி, கேளு. கிடாயா? கறிச்சோறா?"

"அடுப்புச் சாவி அண்ணே."

சிரிப்பு அறுந்தது.

"விளையாட்டுக்கு ஒரு அளவு இருக்கு, புள்ள."

"கேட்டதக் குடுக்கணும், அதான் அளவு. முடியாதுன்னா சொல்லுங்க. தோலிப் சீட்டுக்குப் பயந்துட்டாருன்னு ஊர்ல சொல்லிக்கிறேன்."

"உங்கிட்டக் குடுத்தா மூட்டவே மாட்ட."

"மூட்டுவேன். கீழ இருக்கிறவங்களும் குடிக்கணுமில்ல? சரிவு கனத்தா அணைப்பேன். அப்ப உங்களக் கேட்டுக்கிட்டு நிக்கமாட்டேன்."

அடுப்பை நிறுவிய நகரத்துப் பொறியாளர் ஃபிர்தவ்ஸ் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சரிவு அவங்க ஜன்னல்லேருந்துதான் தெரியுது, தலைவரே. சாவி அங்க இருந்தாத்தான் எனக்கும் நல்லது."

தோலிப் பெரியவர்களைப் பார்த்தார். அவர்கள் தாடியைத் தடவினார்கள். இடுப்புக் கச்சையிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

"உள்ள வந்து வாங்கிக்கோ."

"உள்ள வந்தா புடிச்சிருவீங்க. நீங்க வாங்க."

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார். வாசலில் செருப்பைத் தேடிய தலைவர், தேடுவதை விட்டுக் காலுறையோடு பனியில் இறங்கினார். அவள் உள்ளங்கையில் இரும்பு சில்லென்று அமர்ந்தது. இருவருக்கும் நடுவே, எவரையும் கேளாமல், பனி பெய்துகொண்டிருந்தது.