மிதக்கிற மிளகும் சைனா பைக்கும்

"இது பைக் இல்ல புள்ள, பெயின்ட் அடிச்ச தகரப் பேணி!"

ஹுசைன் முதலாளி பெட்ரோல் டேங்கை விரலால் சுண்டினார். 'ணங்' என்றது. மாத்தளையில் அவருடைய மிளகுக் கடைக்குள் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

சிவநந்தினி சிரிக்கவில்லை. பத்து வருடம் அதே பெண்களோடு உட்கார்ந்து மிளகு புடைத்தவள் அவள். ரத்தோட்டைக்கு மேலே வீடு வீடாகப் போய் மிளகு வாங்கி வந்தவர் கண்டிக்குக் குடிபோய்விட்டார். அந்த ரூட் தனக்கு வேண்டும் என்று கேட்டு நின்றாள். முதலாளி ஒருவருக்கு ரூட் தருகிறார் என்றால், கடை முத்திரை குத்திய வெற்றுச் சாக்குகளை எடுத்துக் கையில் கொடுப்பார். அந்தச் சாக்கைக் கண்டால்தான் மேலே இருப்பவர்கள் மிளகை அளப்பார்கள். அதற்காகத்தான் சீட்டு எடுத்து இந்தச் சைனா பைக்கை வாங்கியிருந்தாள்.

"பழசா இருந்தாலும் ஜப்பான் வாங்கியிருக்கணும்" என்றான் விஜேந்திரன். நாவுலப் பக்கம் மிளகு வாங்குகிறவன். இந்த ரூட்டின் மேலும் அவனுக்கு ஒரு கண். "என்னோடத பாரு. இருபது வருசம். ஒரு நட்டு கழண்டதில்ல."

"கழலுறதுக்கு நட்டு இருந்தாத்தானே அண்ணே! பாதி கம்பியிலதானே கட்டியிருக்கு" என்றாள் சிவநந்தினி.

இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

முதலாளி கையை உயர்த்தினார். "சரி புள்ள. இலுக்கும்புர ஏத்தத்துல ஆரியரத்ன வீட்டுல நமக்குன்னு எடுத்து வச்ச ரெண்டு மூட்டை கெடக்கு. பின்னேரம் பள்ளியில அஸர் பாங்கு சொல்றதுக்குள்ள கொண்டு வா. பைக் வழியில நின்னிச்சின்னா ரூட் விஜேந்திரனுக்கு."

"கொண்டு வந்துட்டா சாக்கு எனக்கு. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க முதலாளி."

"சொல்லிட்டேன், போ!"

மூட்டையின் மேலே கிடப்பதைப் பார்த்து மிளகுக்குத் தரம் சொல்கிறவள் இல்லை சிவநந்தினி. அடி வரை கையை விட்டுத் துழாவி எடுத்துப் பார்ப்பாள். பைக்கை வாங்கும்போதும் அப்படித்தான் பார்த்தாள். விற்றவன் விளக்கையும் ஸ்டிக்கரையும் காட்டிக்கொண்டிருக்க, அவள் மெக்கானிக் சசிக்குமார் பாஸைக் கூட்டிப் போய் அடியில் குனிய வைத்தாள். "எஞ்சின் நல்ல சாமான் தங்கச்சி. செயின் மெழுகு. நட்டெல்லாம் லூஸ். கரியர் வெல்டிங் ஒட்டு சும்மா பொட்டு வச்ச மாதிரி" என்றார் பாஸ். செயினை மாற்றினாள். நட்டுகளை முறுக்கினாள். கரியரை மட்டும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

தப்பு அதுதான்.

ஏற்றத்தில் பைக் முதல் கியரில் முனகியது, ஆனால் நிற்கவில்லை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் மூன்றாம் வளைவில் 'டக்'கென்றது. கரியரின் இடது கம்பி ஒட்டோடு பெயர்ந்து தொங்கியது. மூட்டை சக்கரத்தில் உரசியது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

ஒரு மூட்டையை யார் வீட்டிலாவது போட்டுவிட்டு வரலாம். வந்தால் விஜேந்திரன் பல்லைக் காட்டுவான். "அவன் பல்லக் காட்டுறதுக்குள்ள நான் ரெண்டு மூட்டையையும் காட்டுறேன்" என்று முணுமுணுத்தபடி, சீட்டின் கீழிருந்து பழைய டியூப் ரப்பர் பட்டிகளை உருவினாள். ஒரு மூட்டையை டேங்கின் மேல் குறுக்கே போட்டாள். மற்றதைப் பின் சீட்டில் இறுக்கிக் கட்டினாள். நடுவில் கிடைத்த ஒரு சாண் இடத்தில் தான் உட்கார்ந்து, இரண்டாம் கியரிலேயே மலையிறங்கினாள்.

எஞ்சினை அணைக்காமல் கடை வாசலில் நிறுத்தியபோது பாங்கு இன்னும் சொல்லவில்லை. விஜேந்திரன்தான் முதலில் பார்த்தான்.

"கரியர் போச்சு முதலாளி! நான் சொன்னேன்ல!"

"தகரப் பேணின்னு நானும் சொன்னேனே" என்று முதலாளி தலையை ஆட்டினார்.

சிவநந்தினி கடைக்குள் போனாள். மிளகு சோதிக்கும் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டாள். பெரும்பாலானவை தாழ்ந்தன. ஏழெட்டுப் பொக்குகள் மிதந்தன.

"இதுக்காக மூட்டைய ரோட்டுல வீசிருவீங்களா முதலாளி?"

"ஏன் வீசணும்? மிதக்கிறதக் கழிச்சிட்டு மத்ததுக்கு வெல போடுவேன்."

"அதே நியாயத்த என் பைக்குக்கும் போடுங்க. கரியர் மிதந்திருச்சு, கழிச்சிருங்க. எஞ்சின் அடியில கெடக்கு. கைய விட்டுப் பாருங்க."

பெண்கள் முறத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முதலாளி மெதுவாகக் குனிந்து காதைக் கொடுத்தார். நாற்பது வருடம் மிளகை மென்று பார்த்தே விலை சொன்ன மனிதர். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. அது முடிந்ததும் நிமிர்ந்தார்.

"கரியர ஒட்டிக்கிட்டு நாளைக்கு வா. சாக்கு தாறேன்."

"ஒட்டுறது என் வேல. சாக்கு தாறது உங்க வார்த்த. இப்பவே தாங்க."

உள்ளிருந்து ஒருத்தி, "குடுங்க முதலாளி, நாங்களும் கேட்டோம்ல!" என்று குரல் விட்டாள்.

முதலாளி முறைத்தார். பிறகு உள்ளே போய் முத்திரைச் சாக்குகளை ஒரு கட்டாக எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். அவள் அதைப் பின் சீட்டில் டியூப் பட்டியால் இறுக்கினாள். ஏறி உட்கார்ந்ததும் விஜேந்திரனைப் பார்த்துக்கொண்டே டேங்கை ஒரு சுண்டு சுண்டினாள்.

'ணங்.'

"நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லி, கியரைப் போட்டாள்.