பெட்ரோல் பங்க் வீட்டு மருமகள்

"இந்தக் கருவும் தங்கல. இன்னும் எத்தனை நாள் பொறுத்திருப்ப?"

மாமியார் இதைச் சாப்பாட்டு நேரத்தில் மகனிடம் கேட்டாள். மருமகள் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். கணவன் தலை நிமிரவில்லை. தன்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்க ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்று அவளுக்கு அப்போதே புரிந்துபோயிற்று.

வீட்டுக்கு முன்னால் அவர்களுடைய பெட்ரோல் பங்க், பின்னால் கிணறு. தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறதென்று வந்த புதிதிலேயே சொன்னாள். பிறந்த வீட்டில் பன்னீரா குடித்தாய் என்று மாமியார் வாயை அடைத்துவிட்டாள். ஆண்களுக்குப் பங்கிலேயே கேன் தண்ணீர் இருந்தது.

பங்க் உரிமத்தைப் புதுப்பிக்கும் சமயம் வந்தபோது, நிலத்தடி நீரைச் சோதிக்க ஒரு பெண் அதிகாரி வந்தாள். மண்ணுக்கடியில் கிடந்த பழைய பெட்ரோல் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே துளை போட்டு, மெல்லிய குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்தாள். கிணற்றிலும் எடுத்தாள். சின்னக் குப்பிகளில் காற்றுக்குமிழி இல்லாமல் தளும்ப நிரப்பி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனாள்.

முடிவோடு திரும்பி வந்தவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: தொட்டி வருஷக்கணக்காகக் கசிந்திருக்கிறது, பூமிக்கடியில் நீரோட்டம் கிணற்றுப் பக்கம்தான் இறங்குகிறது, இந்தத் தண்ணீரை இனி யாரும் வாயில் வைக்கக் கூடாது.

மருமகள் வாசல்வரை அவள் பின்னாலேயே போனாள்.

"மேடம், இதைக் குடிச்சா கரு தங்காமப் போகுமா?"

அதிகாரி திரும்பி நின்றாள். "இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா மாசமா இருக்கறவங்க ஒரு வாய்கூடக் குடிச்சிருக்கக் கூடாது."

மசக்கையில் வாந்தி எடுத்துக் களைத்தபோதெல்லாம் சொம்பு சொம்பாகக் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள். அழுது ஓய்ந்தபின் உள்ளே போய், அதிகாரி சொன்னதை எல்லோர் முன்னாலும் ஒன்று விடாமல் சொன்னாள். யாராவது ஒருவர் தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்து நின்றாள்.

மாமியார் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. வரப்போறவளுக்காவது நல்ல தண்ணி குடுக்கலாம்."

கணவன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். விஷயம் தெருவுக்குத் தெரிந்தால் பங்கை மூடிவிடுவார்கள், மூச்சு விடக் கூடாது என்றார் மாமனார்.

இவர்கள் கிணற்றைத் தாண்டி, வேலியை ஒட்டினாற்போல் இருந்த பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டு மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. மாமனார் பேசிக்கொண்டிருக்கும்போதே இவள் செருப்புகூடப் போடாமல் வெளியே நடந்தாள்.

"அந்தத் தண்ணியக் கீழ ஊத்திடு, தங்கச்சி," என்றாள் வேலியோரம் நின்று. "ஏன்னு சொல்றேன்."